பின்பக்க ஸ்வே பாரை மாற்றினால் வண்டி எப்படி நடந்துகொள்ளும்: தேர்வு முதல் சோதனை ஓட்டம் வரை முழுமையான வழிகாட்டி

வளைவில் வண்டியின் உடல் சாய்வதைக் கட்டுப்படுத்த அடியில் குறுக்காக ஓடும் எஃகுக் கம்பிதான் ஸ்வே பார். பின்பக்க ஸ்வே பாரைத் தடித்ததாக மாற்றியவர்களிடம் விசாரித்தால், வளைவில் வண்டி சாய்வது குறைந்துவிட்டது என்றும் சாலைப்பிடிப்பு கூடிவிட்டது என்றும் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். முதலாவது உண்மை. இரண்டாவதில் பாதிதான் உண்மை. ஸ்வே பார் எந்த டயருக்கும் புதிதாகப் பிடிப்பை உண்டாக்கித் தருவதில்லை. பின் அச்சிடமிருந்து கொஞ்சம் வாங்கி முன் அச்சுக்குக் கைமாற்றாகக் கொடுக்கிறது, அவ்வளவுதான். முன்பக்கம் பற்றாக்குறையில் தவிக்கும் வண்டியில் இந்தக் கைமாற்று அருமையாக வேலை செய்யும். பின்பக்கமே நிலைகொள்ளாமல் இருக்கும் வண்டியில் இதுவே வம்பை விலைக்கு வாங்கிய கதையாகிவிடும். ஆகவே உங்கள் வண்டி எந்த வகை என்று புரிந்துகொள்வதில் தொடங்கி, பாரின் விட்டத்தைத் தேர்ந்தெடுப்பது, பொருத்துவது, பொருத்தியபின் சோதித்துப் பார்ப்பது என்று வரிசையாகப் போவோம்.

‘ப’ வடிவக் கம்பி செய்யும் வேலை

ஸ்வே பார், ஆன்ட்டி-ரோல் பார், ஸ்டெபிலைசர் பார் என்று பல பெயர்களில் அழைக்கப்படுவது ஒரே பொருள்தான். நம் ‘ப’ எழுத்தைப் போல வளைக்கப்பட்ட ஸ்பிரிங் எஃகுக் கம்பி அது. அதன் நீண்ட நடுப்பகுதி இரண்டு புஷ்களின் (மெத்தை போன்ற உறைகள்) வழியாக வண்டியின் அடிச்சட்டத்திலோ சப்ஃபிரேமிலோ (அதோடு பூட்டப்படும் துணைச் சட்டம்) பிடிக்கப்பட்டிருக்கும்; இரு பக்கமும் நீளும் கைகளின் முனைகள் லிங்க் ராடுகள் என்ற சிறு இணைப்புத் தண்டுகள் வழியாக இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு இணைந்திருக்கும். இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ஏறி இறங்கினால் கம்பி புஷ்களுக்குள் சும்மா சுழலுமே தவிர எந்த எதிர்ப்பையும் காட்டாது. வேகத்தடையில் நேராக ஏறி இறங்கும்போது தடித்த பார் போட்ட வண்டிக்கும் பழைய பார் உள்ள வண்டிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாததற்கு இதுவே காரணம். ஒரு சக்கரம் மேலேயும் மற்றது கீழேயும் போகும்போதுதான் நடுப்பகுதி முறுக்கப்படுகிறது. முறுக்கப்பட்ட கம்பி பழைய நிலைக்குத் திரும்ப முயல்வதால் வண்டியின் உடல் சாய்வது தடுக்கப்படுகிறது. சுருக்கமாகச் சொன்னால், வளைவில் மட்டும் விழித்துக்கொள்ளும் ஸ்பிரிங் அது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினாலும் அது விழித்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சங்கடத்தைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

சுமை எங்கே போகிறது?

வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களின் மீதுள்ள சுமை குறைந்து வெளிப்பக்கச் சக்கரங்களின் மீது கூடுகிறது. இப்படி இடம் மாறும் மொத்தச் சுமையைத் தீர்மானிப்பவை வண்டியின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம், பக்கவாட்டு முடுக்கம் ஆகிய நான்கும்தான். 1,200 கிலோ எடையும், தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும், 150 செ.மீ. அகலமும் கொண்ட கார் ஒன்று, புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்குப் பக்கவாட்டு முடுக்கம் உண்டாகும் வேகத்தில் வளைவில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,200-ஐ 0.5-ஆலும் 0.55-ஆலும் பெருக்கி 1.5-ஆல் வகுத்தால் 220 கிலோ வருகிறது. இந்த 220 கிலோ உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போயே தீரும். எவ்வளவு தடித்த பாரைப் போட்டாலும் இந்தக் கணக்கு ஏறக்குறைய அசையாது. வண்டி சாயவில்லை என்றால் சுமையும் மாறவில்லை என்று பலர் நினைப்பது தவறு. ஸ்பிரிங்கே இல்லாத கோ-கார்ட்டிலும் இதே விதிப்படி சுமை மாறத்தான் செய்கிறது.

பார் மாற்றுவது இந்த 220 கிலோவைப் பங்குபோடும் விதத்தைத்தான். எந்த அச்சு சாய்வை அதிகமாக எதிர்க்கிறதோ அந்த அச்சு அதிகப் பங்கை ஏற்றுக்கொள்கிறது. இதில் என்ன லாபம் என்று கேட்டால், விடை டயரின் குணத்தில் இருக்கிறது. ஒரு டயரின் மீதுள்ள சுமை இரட்டிப்பானால் அதன் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை; அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. எனவே ஒரே அச்சில் இரண்டு டயர்கள் தலா 300 கிலோ சுமக்கும்போது கிடைக்கும் மொத்தப் பிடிப்பு, ஒன்று 150 கிலோவும் மற்றது 450 கிலோவும் சுமக்கும்போது கிடைப்பதைவிட அதிகம். ஓர் அச்சில் சுமை வேறுபாடு கூடக்கூட அந்த அச்சு பலவீனமாகிறது. பின்பக்கப் பாரைத் தடித்ததாக்கினால் பின் அச்சின் சுமை வேறுபாடு கூடி அதன் பிடிப்பு குறைகிறது. அதே அளவு முன் அச்சின் சுமை வேறுபாடு குறைந்து அதன் பிடிப்பு கூடுகிறது. நான் கைமாற்று என்று சொன்னது இதைத்தான்.

முன்சக்கரங்களால் இயங்கும் பெரும்பாலான கார்களில் எடையில் 60 சதவீதமோ அதற்கு மேலோ முன்பக்கத்தில்தான் இருக்கும். இழுப்பது, திருப்புவது, பிரேக் பிடிப்பதில் பெரும்பங்கு என்று எல்லா வேலையும் முன் டயர்களின் தலையிலேயே விழுகிறது. போதாததற்கு, சாதாரண ஓட்டுநர் பதறும் நேரத்திலும் வண்டி சுழன்றுவிடக் கூடாது என்பதற்காக உற்பத்தியாளர்களும் வேண்டுமென்றே அண்டர்ஸ்டீயர் (பின்பக்கத்துக்கு முன்பே முன்பக்கம் வழுக்கும் குணம்) பக்கம் சாய்த்தே சஸ்பென்ஷனை அமைக்கிறார்கள். விளைவாக, வளைவில் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு மட்டும் வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டே போகும். இத்தகைய வண்டியில் பின்பக்கம் உபயோகப்படாமல் கிடக்கும் பிடிப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முன்பக்கத்தை மீட்பது நியாயமான வியாபாரமே. இன்னொரு சிறு லாபமும் உண்டு. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை முன் சஸ்பென்ஷனில் உடல் சாயும்போது வெளிப்பக்க டயரும் தலை சாய்ந்து தன் வெளி ஓரத்தில் நிற்க முயல்கிறது. சாய்வு குறைந்தால் அந்த டயர் தரையில் இன்னும் நன்றாகப் பதியும்.

விட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

பலர் ஏமாறும் இடம் இது. 19 மி.மீ. பாரை எடுத்துவிட்டு 22 மி.மீ. பாரைப் போட்டால் வெறும் 3 மி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் திடமான கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 22-ஐ 19-ஆல் வகுத்து நான்கு முறை பெருக்கிப் பாருங்கள்; ஏறக்குறைய 1.8 வரும். அதாவது 80 சதவீதம் கூடுதல் விறைப்பு. 20-லிருந்து 22-க்குப் போனால் 46 சதவீதம், 16-லிருந்து 18-க்குப் போனால் 60 சதவீதம். உள்ளே குழாய் போன்ற பாரென்றால் வெளிவிட்டத்தின் நான்காம் அடுக்கிலிருந்து உள்விட்டத்தின் நான்காம் அடுக்கைக் கழித்துப் பார்க்க வேண்டும். 22 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. சுவரும் கொண்ட குழாய்ப் பார், அதே விட்டமுள்ள திடமான பாரின் விறைப்பில் 72 சதவீதத்தைத் தரும். எடையோ பாதிக்கும் குறைவு. ஆகையால் வெறும் விட்டத்தை வைத்து இரண்டு பார்களை ஒப்பிடாதீர்கள். உள்ளே பொள்ளலா, திடமா என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

விளம்பரத்தில் வரும் சதவீதத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பின் அச்சு சாய்வை எதிர்ப்பதில் ஸ்பிரிங்குகளுக்கும் பங்கு உண்டு. மொத்தச் சாய்வெதிர்ப்பை 100 என்று வைத்து, அதில் முன்பக்கம் 60, பின்பக்கம் 40 என்றும், பின்பக்க 40-இல் ஸ்பிரிங்குகள் 24, பார் 16 என்றும் கொள்வோம். பாரின் விறைப்பை 80 சதவீதம் கூட்டினால் 16 என்பது 28.8 ஆகும், பின்பக்கம் 52.8, மொத்தம் 112.8. வண்டியின் சாய்வு சுமார் 11 சதவீதம் குறையும். பின்பக்கத்தின் பங்கு 40 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 47 சதவீதமாக உயரும். முன்பு பார்த்த 220 கிலோவில் சுமார் 15 கிலோ முன் அச்சின் தோளிலிருந்து பின் அச்சின் தோளுக்கு மாறும். இது எளிமைப்படுத்திய கணக்கு. சஸ்பென்ஷன் வடிவமைப்பின் பங்கை இதில் சேர்க்கவில்லை. ஆனாலும் 80 என்ற எண் வளைவில் எவ்வளவு சிறியதாகச் சுருங்குகிறது என்பதையும், அந்தச் சிறிய அளவே ஸ்டீயரிங்கில் தெளிவாகத் தெரியப் போதுமானது என்பதையும் இது காட்டுகிறது. அதனால்தான் அன்றாட ஓட்டத்துக்கு 2 அல்லது 3 மி.மீ. கூடுதலோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

வசதி இருந்தால் கைகளின் முனையில் இரண்டு மூன்று துளைகள் உள்ள பாரை வாங்குங்கள். லிங்க் ராடை உள்துளையில் மாட்டினால் கையின் நீளம் குறைந்து விறைப்பு கூடும். வெளித்துளையில் மாட்டினால் மென்மையாகும். 200 மி.மீ. கை 180 மி.மீ. ஆகச் சுருங்கும்போது விறைப்பு சுமார் 23 சதவீதம் உயர்கிறது, ஏனென்றால் இங்கே நீளத்தின் இரண்டாம் அடுக்கு கணக்கில் வருகிறது. பிடிக்கவில்லை என்றால் ஒரு நட்டைக் கழற்றிப் பழைய குணத்துக்குப் பாதி வழி திரும்பிவிடலாம்.

யாருக்குப் பொருந்தாது?

பின்சக்கரங்களால் இயங்கும் வண்டியில், குறிப்பாகச் சாதாரண டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பு) உள்ளதில், பின்பக்கப் பாரை மட்டும் விறைப்பாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்கப் பின்சக்கரத்தின் சுமை மேலும் குறைவதால், ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் அது வெறுமனே சுழலும், வண்டி முன்னேறாது. முன்சக்கர இயக்கத்தில் இது நேர்மாறாக நன்மையாகிறது. உள்பக்க முன்சக்கரம் தரையை இன்னும் அழுத்திப் பிடிப்பதால் வளைவிலிருந்து இழுத்துக்கொண்டு வெளியேற முடிகிறது. சில முன்சக்கர இயக்கக் கார்கள் பந்தயப் பாதையின் வளைவுகளில் உள்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியபடி போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சக்கரம் தூக்கிய கணத்திலிருந்து பின் அச்சுக்கு மாற்றுவதற்கு மேற்கொண்டு சுமை இல்லை. அதற்குப் பிறகு பார் செய்யக்கூடியது எதுவுமில்லை.

கரடுமுரடான பாதைகளில் செல்லும் வாகனங்களுக்கும் இது ஆகாது. அங்கே இடது சக்கரமும் வலது சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கித் தரையைத் தேட வேண்டும். பார் அந்தச் சுதந்திரத்தைப் பறிக்கிறது. பெரும்பாலான நேரம் ஈரமான சாலையிலோ பனியிலோ ஓட்டுபவர்களும் இருமுறை யோசிக்க வேண்டும். வழுக்கும் சாலையில் வளைவின் நடுவே திடீரென ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சுமை முன்னோக்கிச் சாய்ந்து பின்பக்கம் இலேசாகிறது. ஏற்கெனவே பிடிப்பை விட்டுக்கொடுத்திருக்கும் பின் டயர்கள் அப்போது வெளியே வழுக்கத் தொடங்கும். முன்பக்கம் வழுக்குவதை எவரும் வேகத்தைக் குறைத்துச் சமாளித்துவிடலாம். பின்பக்கம் வழுக்கினால் எதிர்த்திசையில் ஸ்டீயரிங்கைத் திருப்பும் பழக்கம் கைக்கு வந்திருக்க வேண்டும். மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளில் அது குறுக்கிட்டுப் பெரும்பாலும் காப்பாற்றும் என்றாலும், அந்த அமைப்பு ஆலையிலிருந்து வந்த சஸ்பென்ஷனை மனத்தில் வைத்துச் சீர்செய்யப்பட்டது. அதை நம்பிப் பாரைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல.

சிறிய கார்கள் பலவற்றில் பின்பக்கம் தனியான ஸ்வே பாரே இருக்காது. டார்ஷன் பீம் என்ற குறுக்குத் தண்டே முறுக்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்யும். அவற்றுக்கென்று கூடுதலாகப் பொருத்தும் பார்கள் கிடைக்கின்றன. உங்கள் மாடலுக்கென்றே வடிவமைக்கப்பட்டதைத் தவிர வேறெதையும் வெல்டிங் செய்து மாட்ட வேண்டாம். அந்தத் தண்டு முறுக்குவதற்காகவே அளவாகச் செய்யப்பட்டது, தவறான இடத்தில் சூடேற்றினால் பிளக்கும்.

வாங்குவதற்கு முன்

டயர்களில் காற்றழுத்தம் வண்டியில் ஒட்டியுள்ள குறிப்பின்படி இருக்கிறதா, நான்கும் ஒரே தரத்தில் தேய்ந்திருக்கின்றனவா, ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய்க் கசிவு உள்ளதா, முன்பக்க லிங்க் ராடுகளும் புஷ்களும் ஆடுகின்றனவா என்று பாருங்கள். வளைவில் வண்டி அலைபாய்கிறது என்று புதுப் பார் வாங்க வருபவர்களில் கணிசமானவர்களுக்குத் தேவைப்படுவது இரண்டு ஷாக் அப்சார்பர்கள்தான். வாகன மாற்றங்கள் குறித்த சட்டமும் காப்பீட்டு நிபந்தனையும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அவற்றையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும் முறை

முதல் விதி, பின்பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதே. இரண்டையும் ஒன்றாகத் தூக்கி ஆக்சில் ஸ்டாண்டுகளின் மீது நிறுத்துங்கள். முன்சக்கரங்களுக்கு அடைப்பு வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும். லிங்க் ராடின் போல்ட்டைக் கழற்றும் கணத்தில் அது சட்டென விடுபட்டுக் கையைப் பதம் பார்த்துவிடும்.

நட்டுகளில் துரு இருந்தால் முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் தெளித்து ஊறவிடுங்கள். லிங்க் ராடு நட்டைத் திருகும்போது பெரும்பாலும் அதனுள் இருக்கும் பால் ஜாயின்டின் (எல்லாத் திசையிலும் அசையும் உருண்டை மூட்டு) தண்டும் கூடவே சுற்றும். ஸ்பானர் சுற்றிக்கொண்டே இருக்கும், நட்டு மட்டும் ஓரிழைகூட வெளியே வராது. தண்டின் நுனியை உற்றுப் பார்த்தால் ஆறுமுகக் குழியோ தட்டையான இரு பக்கங்களோ தெரியும். குழியில் ஆலன் கீயைச் செருகி அசையாமல் பிடித்துக்கொண்டு, ரிங் ஸ்பானரால் நட்டை மட்டும் திருப்ப வேண்டும். குழி துருவால் அடைந்திருந்தால் கூரான கம்பியால் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுச் செருகுங்கள். அரைகுறையாகச் செருகித் திருகினால் குழி வட்டமாகிவிடும், அப்புறம் வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

லிங்க் ராடுகள் இரண்டும் வந்ததும் புஷ் பிராக்கெட்டுகளைக் கழற்றிப் பழைய பாரை வெளியே எடுக்கலாம். சில வண்டிகளில் சைலன்சரைத் தாங்கும் ரப்பர்களைக் கழற்றிக் கீழே இறக்கினால்தான் இடம் கிடைக்கும். அப்போது சைலன்சரை அந்தரத்தில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். புதுப் பாரைப் பழையதன் பக்கத்தில் தரையில் வைத்து வளைவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே உள்ளே ஏற்றுங்கள்.

புதுப் பாரின் விட்டத்துக்கு ஏற்ற புதுப் புஷ்கள் கட்டாயம் வேண்டும். பாலியூரிதேன் புஷ்ஷாக இருந்தால் அதன் உள்பக்கம் முழுவதும் சிலிக்கோன் அடிப்படையிலான கிரீஸைத் தாராளமாகப் பூசுங்கள். இதில் கஞ்சத்தனம் பிடித்தால் சில வாரங்களில் ஒவ்வொரு மேட்டுக்கும் பழைய மரக்கதவு திறப்பதுபோல் கிறீச்சிடும். புஷ்ஷின் பிளவு பழையதில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் இருக்கட்டும். பிராக்கெட் போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் ஏற்றி, பாரை நடுவில் நிறுத்தி, இரு கைகளும் பக்கச் சட்டத்திலிருந்து சம தூரத்தில் உள்ளனவா என்று அளந்துவிட்டு இறுக்குங்கள். இறுதி இறுக்கத்தைச் சக்கரங்கள் சுமை தாங்கும் நிலையில், உங்கள் வண்டியின் சேவைக் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் செய்யுங்கள்.

நீளம் மாற்றக்கூடிய லிங்க் ராடுகளைப் போடுபவர்களுக்கு என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒருமுறை அவசரத்தில், ஒரு சக்கரம் மட்டும் ஜாக்கின் மீது இருக்கும்போதே அந்த ராடின் நீளத்தைத் துளைக்கு வசதியாகத் திருகி மாட்டிவிட்டேன். வண்டி இடப்பக்க வளைவுகளில் அழகாகத் திரும்பியது. வலப்பக்க வளைவுகளில் வேறொரு வண்டி போல நடந்துகொண்டது. சக்கரங்கள் தரையில் நின்றபோதே பார் பாதி முறுக்கிக்கொண்டிருந்ததுதான் காரணம். சரியான முறை எளிது: வண்டி சமதரையில் தன் எடையோடு நிற்கும்போது இரண்டாவது ராடின் போல்ட் விரலால் தள்ளினாலே துளைக்குள் வழுக்கிப் போக வேண்டும். அந்த நீளத்தில் பூட்டு நட்டை இறுக்குங்கள்.

கடைசியாக, சஸ்பென்ஷன் முழுவதும் தொங்கும் நிலையிலும் முழுவதும் அமுங்கிய நிலையிலும் பார் பிரேக் குழாய், சென்சார் ஒயர், எரிபொருள் குழாய், சைலன்சர் எதையும் தொடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். மிக விறைப்பான பார்களை மெல்லிய தகட்டு பிராக்கெட்டுகள் தாங்காமல் வளைவதும் உடைவதும் உண்டு. உங்கள் மாடலுக்கு வலுவூட்டிய பிராக்கெட் கிடைத்தால் கூடவே வாங்கிவிடுங்கள். சக்கரக் கோணங்களை நிர்ணயிக்கும் போல்ட்டுகளைத் தொடாத வரை அலைன்மென்ட் தேவையில்லை. சப்ஃபிரேமை இறக்கியிருந்தால் தேவை.

சோதித்துப் பார்த்தல்

முதல் ஓட்டம் காய்ந்த சாலையில், பழகிய பாதையில், வழக்கமான வேகத்தில் இருக்கட்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு முன்பைவிடச் சீக்கிரம் உள்ளே நுழைவதை முதல் இரண்டு வளைவுகளிலேயே உணர்வீர்கள். ஒருபக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது அதிர்ச்சி மறுபக்கத்துக்கும் கடத்தப்பட்டு, உட்கார்ந்திருப்பவர்களின் தலை இடமும் வலமும் ஆடுவதையும் கவனிப்பீர்கள். இது பழுதல்ல, விறைப்பின் விலை. பொறுக்க முடியாவிட்டால் வெளித்துளைக்கு மாறுங்கள்.

முறையாக அளக்க விரும்புபவர்கள், போக்குவரத்தே இல்லாத, அனுமதி பெற்ற, அகன்ற காலியிடத்தில் ஒரே ஆரமுள்ள வட்டத்தில் சுற்றியபடி வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டலாம். வேகம் கூடக்கூட வட்டத்தில் நிற்பதற்கு ஸ்டீயரிங்கை எவ்வளவு கூடுதலாகத் திருப்ப வேண்டியிருக்கிறது என்பதே அண்டர்ஸ்டீயரின் அளவு. ஸ்டீயரிங்கின் உச்சியில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவைத்தால் கோணம் கண்ணுக்குத் தெரியும். பாரை மாற்றுவதற்கு முன்பும் பின்பும் ஒரே டயர் அழுத்தத்தில் செய்தால்தான் ஒப்பீட்டுக்கு மதிப்பு. புதுப் பாரோடு அந்தக் கூடுதல் திருப்பம் குறைந்திருந்தால் நினைத்தது நடந்திருக்கிறது. வேகம் கூடும்போது ஸ்டீயரிங்கைத் தளர்த்த வேண்டியிருந்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள். அடுத்த மென்மையான துளைக்குப் போங்கள், துளை தீர்ந்துவிட்டால் மெல்லிய பாருக்குப் போங்கள். மழை பெய்த ஒரு நாளில் அதே இடத்தில் குறைந்த வேகத்தில் மீண்டும் பார்க்காமல் அமைப்பை இறுதி செய்யாதீர்கள். வறண்ட தரையில் அடக்கமாக இருந்த பின்பக்கம் ஈரத்தில் வேறு முகம் காட்டும்.

முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். அதற்குள் பின்பக்கத்திலிருந்து ‘டக் டக்’ என்று ஓசை கேட்டால் முதலில் லிங்க் ராடு நட்டைப் பாருங்கள். அது இறுக்கமாக இருந்தால், வண்டியைச் சமதரையில் நிறுத்திவிட்டு ராடைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பால் ஜாயின்டில் ஆட்டம் தெரிந்தால் ராடை மாற்ற வேண்டியதுதான். ஆட்டமே இல்லாமல் ஓசை மட்டும் வந்தால், பார் புஷ்களுக்குள் பக்கவாட்டில் நகர்ந்து எதையோ இடிக்கிறது. பெயின்ட் உரிந்து பளபளக்கும் இடத்தை டார்ச் அடித்துத் தேடுங்கள், அங்கேதான் இடிக்கிறது.